தம்பி உடம்புக்கு நான் அசலூர்

தம்பி வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்ததைத் தெரு முக்கில் திரும்பும்போதே பார்த்துவிட்டேன். பங்குனி வெயில். ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஏறி, திருச்செந்தூரில் மொட்டை போட்டுத் திரும்புகிற கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டே வந்து, ஜங்ஷனில் இறங்கி, தச்சநல்லூருக்கு பஸ் பிடித்து வந்திருந்தேன். கையில் அவனுக்கென்று எங்கள் தோட்டத்துக் கதலிப்பழம் ஒரு சீப்பு.

வேப்பிலையைக் கண்டதும் கால் தானாக நின்றது. உள்ளே அம்மை இறங்கியிருக்கிறது, வெளியாள் வராதே என்று வீடு சொல்கிற சேதி அது. அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள், தலை வார மாட்டார்கள், வெளியே எதையும் கொடுக்க மாட்டார்கள், வெளியிலிருந்து எதையும் வாங்க மாட்டார்கள். ஊசி, மாத்திரை பக்கமே போக மாட்டார்கள். அம்மன் வந்திருக்கிறாள், அவளாக இறங்கிப் போகிறவரை மரியாதையாக இருக்க வேண்டும். நானும் அப்படி வளர்ந்தவள்தான். என் பிள்ளைகளுக்கு வந்தபோது நானும் அதைத்தான் செய்தேன்.

தம்பி மனைவி கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் வந்தாள். திறக்கவில்லை. முடியை அள்ளிச் சும்மா முடிந்திருந்தாள். போனில் பேசும்போது காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"அம்மா வந்திருக்கா மைனி. நெஞ்சுலயும் வயித்துலயும் செவப்பு செவப்பா போட்டிருக்கு. நீங்க உள்ள வரக்கூடாது கேட்டியளா, அங்கனயே நில்லுங்க."

பழத்தை நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை. வாங்கக்கூடாது என்பது நினைவு வந்து நானே இழுத்துக்கொண்டேன். பிறகு, "மாத்திரை குடுக்கியா?" என்று கேட்டேன்.

"வேப்பில வச்ச அன்னைக்கே நிப்பாட்டியாச்சு. ஒங்க தம்பிதான் சொன்னாவ, அம்மா போனப் பெறவு பாத்துக்கிடலாம்னு."

அந்த மாத்திரை எதற்கானது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

என் தம்பி தச்சநல்லூரில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தான். தவிடு, பருத்திக்கொட்டை, புண்ணாக்கு. நல்ல உழைப்பாளி. ரத்தக் கொதிப்பு இருந்தது அவனுக்கே தெரியாது. தெரிந்தபோது இரண்டு சிறுநீரகமும் போயிருந்தன. வாரம் தவறாமல் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு கிடந்தான். தண்ணீரை டம்ளரில் அளந்து குடிக்க வேண்டும். வாழைப்பழம் கூடவே கூடாது. வாழைத் தோட்டக்காரர் அத்தானாக இருந்தும் எனக்கு இந்தக் கதியா என்று சிரிப்பான். அவன் மனைவி தன்னுடையதைத் தருகிறேன் என்று முன்வந்தாள், ரத்தம் சேரவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். மிச்சம் நான்தான்.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒந்தம்பிக்கு நீ குடுக்குத. நான் குறுக்க நின்னா நாளைக்கு ஒம் மொகத்த எப்படிப் பாக்க?" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். அவ்வளவுதான் எங்கள் வீட்டில் நடந்த பேச்சு.

மதுரையில் வைத்து எடுத்து வைத்தார்கள். என்னுடைய இடது சிறுநீரகம் அவனுடைய வலது அடிவயிற்றில் போய் உட்கார்ந்தது. மேசையிலேயே அது வேலை செய்யத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்த பிறகு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடிப்பான். அடிவயிற்றைத் தட்டி, "அக்காவுக்குத் தாகமா இருக்காம்" என்பான். கடைக்கு வருகிற மாட்டுக்கார சம்சாரிகளிடமும் அதே பேச்சுதான். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் பிடித்திருந்தது. கட்டிக்கொடுத்த பிறகு அந்த வீட்டுக்கு நான் அசலூர்க்காரி. தை பிறந்தால் பொங்கல்படி என்று சீர் கொண்டுவந்து கொடுப்பார்கள், நல்லது கெட்டதுக்குக் கூப்பிடுவார்கள், அதோடு சரி. சிறுநீரகம் கொடுத்த பிறகு மறுபடியும் அந்த வீட்டு ஆளாகிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்த மாத்திரைகள் அதற்குத்தான். அவன் உடம்பு என் சிறுநீரகத்தோடு சண்டை போடாமல் இருக்க, உயிர் உள்ளவரை விடாமல் விழுங்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, "லே தம்பி" என்று கூப்பிட்டேன். நடுவீட்டில் பாயில் கிடந்தான். தலையைத் திருப்பினான்.

"லாரி வந்துட்டா? சாக்கப் பையப் பைய எறக்கச் சொல்லு" என்றான்.

நாக்கு தடித்துப்போன மாதிரிப் பேச்சு. காய்ச்சலில் பிதற்றுவது உண்டு. ஆனால் அவன் எழுந்து உட்காரப் பார்த்தபோது இடது கையை மட்டும்தான் ஊன்றினான். வலது கை பாய்க்கு வெளியே, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது.

நான் வாய் திறக்கிற ஆள் இல்லை. ரயிலில் என் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே வருகிறவள். அன்று கதவைத் தள்ளினேன். வாசலில் வைத்திருந்த மஞ்சள் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டேன், அதை மட்டும் விட மனம் வரவில்லை. உள்ளே போனேன்.

"மைனி, அம்மா கோவிச்சுக்கிடுவா" என்றாள் அவள்.

"கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும். நீ ஆட்டோவக் கூப்பிடு."

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்முன் ஆட்டோவிலேயே அவனுக்கு வலிப்பு வந்தது. என் மடியில் தலை இருந்தது. அவன் சட்டைப் பையில் இருந்த வேப்பிலை எல்லாம் என் சேலையில் உதிர்ந்தது.

அங்கே தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், முதுகுத்தண்டில் நீர் எடுத்தார்கள். சிறுநீரக வார்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். மேலப்பாளையத்துப் பெண், சின்ன வயசு, தலையில் முக்காடு, வேகமான நடை, பேச்சு மட்டும் மெதுவாக வரும். எங்கள் இருவரையும் வராந்தாவில் உட்கார வைத்து, இது அம்மை இல்லை என்றார். ஒட்டுண்ணி ஒன்று மூளைக்குள் இருக்கிறது, டாக்சோபிளாஸ்மா என்று பெயர் என்றார். எனக்கு வாயில் வரவில்லை. மறுபடி சொல்லச் சொன்னேன். இப்போது மறக்க முடியவில்லை.

எங்கிருந்து வந்தது என்று தம்பி மனைவி கேட்டாள். அது பூனை வயிற்றில் வளர்வது, பூனைக் கழிவு கலந்த மண் கையில் பட்டு வாய்க்குப் போனாலும் வரும், சரியாக வேகாத ஆட்டுக்கறியிலும் வரும் என்றார் டாக்டர். தீவனக் கடையில் எலிக்குப் பயந்து எப்போதும் பூனை உண்டு. தவிட்டுத் தூசிக்கு நடுவேதான் தம்பி சாப்பிடுவான். அப்படி வந்திருக்கலாம், வேறு வழியிலும் வந்திருக்கலாம், யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். நம் ஊரில் எத்தனையோ பேர் உடம்புக்குள் அது தூங்கிக்கொண்டுதான் இருக்கிறதாம். அவர்களுக்கு ஒன்றும் செய்வதில்லை.

எனக்கு ஒன்று கேட்க வேண்டும் போலிருந்தது. கேட்க வாய் வரவில்லை. சில நாள் கழித்து அவர் தனியாக வந்தபோதுதான் கேட்டேன். என் சிறுநீரகத்தோடு சேர்ந்து அது போயிருக்குமா என்று.

அவர் மறுநாள் பழைய பரிசோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு வந்தார். ஆபரேஷனுக்கு முன்பு எடுத்த தம்பியின் ரத்தத்திலேயே அதன் பழைய அடையாளம் இருந்திருக்கிறது. அது அவனிடம் முன்பே இருந்தது, நீங்கள் கொண்டுபோகவில்லை என்றார். மூச்சு வந்தது. வந்த வேகத்திலேயே, உள்ளே தம்பி அப்படிக் கிடக்கும்போது எனக்கு என்ன நிம்மதி வேண்டியிருக்கிறது என்றும் தோன்றியது.

அன்றைக்குத்தான் அவர் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். அறிவியல் நோட்டில் செல் படம் வரைந்து கலர் அடித்திருக்கிறேன். முட்டை மாதிரி ஒரு வளையம், நடுவில் உட்கரு. அதற்குள் வேறொருவன் குடியேறுவான் என்று அன்று யாரும் சொல்லித்தரவில்லை.

வெளியே திரிகிற கிருமியை உடம்புக் காவல் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுமாம். இந்த ஒட்டுண்ணி செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது. நுழையும்போதே அந்தச் செல்லின் தோலை இழுத்துத் தன்னைச் சுற்றி ஒரு பை மாதிரிப் போர்த்திக்கொள்கிறது. வெளியே நின்று பார்த்தால் அது நம்முடைய செல்தான். அப்புறம் காவலுக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு செல்லும் தனக்குள்ளே இருப்பதில் துணுக்குத் துணுக்காக எடுத்து வெளிச் சுவரில் வைத்துக் காட்டிக்கொண்டே இருக்கும் என்றார் டாக்டர். வெள்ளை அணுக்கள் வீடு வீடாக வந்து அதைத் தொட்டுப் பார்க்கும். நம்முடைய துணுக்காக இருந்தால் பேசாமல் போய்விடும். வேற்றாள் துணுக்கு இருந்தால் நின்றுவிடும்.

"வேப்பில செருகுன மாதிரியா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு ஏன் கேட்டோம் என்று இருந்தது.

அவர் சிரிக்கவில்லை. "கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. ஆனா வேப்பில, நோவு வந்த வீட்டுல மட்டுந்தான தொங்கும்? இது நல்லா இருக்கும்போதும் தெனமும் காட்டும். தெருவுல நடந்து போனா எந்த வீட்டுல என்ன தாளிக்காவன்னு வாசனையிலயே தெரியும்லா, அது மாதிரி."

சில கிருமி கெட்டிக்காரக் கிருமியாம். உள்ளே புகுந்ததும் அந்தச் செல் எதையும் வெளியே காட்டாதபடி செய்துவிடும். அதற்கும் வேறு வகைக் காவல் இருக்கிறது. எதுவுமே காட்டாத வீட்டைத்தான் அது சந்தேகப்படும். எனக்கு அது உடனே விளங்கியது. அம்மை வீட்டை வேப்பிலை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. அந்த அடுப்பிலிருந்து தாளிப்பு வாசனை வராதபோதே பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

காவல் கண்டுபிடித்ததும் ஒரு சத்தம் கொடுக்குமாம். சத்தம் என்றால் காதில் கேட்கிற சத்தம் இல்லை, ஒரு சுரப்பு. அது பட்டதும் செல்லுக்கு உள்ளேயே இருக்கிற காவலும் முழித்துக்கொள்ளும். ஒட்டுண்ணி போர்த்தியிருக்கிற பையில் இந்த வீட்டு முத்திரை இல்லை என்று கண்டு, சுற்றி வளைத்து அந்தப் பையைக் கிழிக்கும். தப்பிய ஒட்டுண்ணி மூளையிலும் தசையிலும் போய் ஓடு கட்டிக்கொண்டு படுத்துவிடும். காவல் விழித்திருக்கும்வரை அது எழுந்திருக்காது. நமக்கு ஆயுசு முழுக்க ஒன்றும் தெரியாது.

"தம்பிக்கு நாங்க குடுத்த மாத்திர, அந்தக் காவலோட கண்ணக் கட்டுத மாத்திர. வேற வழி இல்ல. கட்டலன்னா ஒங்க கிட்னியையும் அது கண்டுபிடிச்சிரும்" என்றார்.

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே என்றேன். பரிசோதனையில் எங்கள் இருவருக்கும் பாதிதான் பொருந்தியது என்றார். துணுக்கை வைத்துக் காட்டுகிற தட்டு என்று ஒன்று இருக்கிறதாம், அது ஆளுக்கு ஆள் வேறு. என் சிறுநீரகத்தின் செல்கள் பிடித்துக்கொண்டு நிற்பது என் தட்டு. அவன் காவல் கண்ணைத் திறந்து பார்த்தால் அதுவும் வேற்றாள்தான்.

வேப்பிலை வைத்து மாத்திரையை நிறுத்தியது ஒரு வாரத்துக்கு மேல். கண்கட்டு அவிழ்ந்துவிட்டது. உப்பு ஏறிக்கொண்டே போனது. எங்கள் பக்கத்தில் சிறுநீரகம் கெடுவதை உப்பு ஏறுகிறது என்றுதான் சொல்வோம். என் சிறுநீரகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் இன்னும் பலமான மருந்து ஏற்றிக் காவலை மறுபடி அடக்க வேண்டும். அடக்கினால் மூளையில் இருப்பது பரவும். அதற்கும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் மாத்திரை மட்டும் தனியாக அதை ஜெயிக்காது, அவன் உடம்பும் கூட நின்று சண்டை போட வேண்டும்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "ரெண்டையும் ஒரே நேரத்துல காப்பாத்த முடியாதும்மா. ஆளா, கிட்னியா? நாங்க ஆளத்தான் பாக்கணும். நான் துவா செய்யுதேன்."

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் தம்பி ஒப்பவில்லை.

அப்போது அவனுக்கு ஓரளவு நினைவு திரும்பியிருந்தது. வலது கை மட்டும் வரவில்லை. டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "அக்காவ வெளிய தள்ளச் சொல்லுதியளா?" என்று கேட்டானாம். அவன் மனைவி வராந்தாவுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டில் இருக்கிற பழைய கண்கட்டு மாத்திரைப் பெட்டியை யாருக்கும் தெரியாமல் எடுத்து வரச் சொல்லியிருக்கிறான். அவளும் எடுத்து வந்துவிட்டாள். சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்தாள். கொடுக்கவும் பயம், கொடுக்காமல் இருக்கவும் பயம்.

"நாந்தான மைனி நிப்பாட்டுனேன். இப்ப குடுத்தாலும் கொன்னுருவேன், குடுக்கலன்னாலும் ஒங்களுத கொன்னுருவேன்."

அவளிடமிருந்து அதை வாங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சுட்டது. நின்றுகொண்டே பேசினேன், உட்கார்ந்தால் எனக்குத் தைரியம் போய்விடும்.

"லே, குடுத்தது யாரு?"

மறுபடி கேட்டேன்.

"நீதான்."

"குடுத்தவ சொல்லுதேன். போனா போட்டும்."

"ஒனக்கு இனி ஒண்ணுதான் இருக்கு. ஒடம்ப அறுத்துத் தந்தத, போனா போட்டும்னு சொல்லுத. எனக்கு அப்படிச் சொல்ல வரல."

"நான் ஒனக்குத்தாம்லே குடுத்தேன். கிட்னிக்கா குடுத்தேன்? நீ இல்லாம அத வச்சு நான் என்ன செய்ய?"

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். சுவரைப் பார்த்தபடியே, "மறுபடியும் தண்ணி அளந்துதான் குடிக்கணும், என்ன?" என்றான்.

"ஆமா."

"ஒங்க ஊருப் பழமும் கெடையாது."

"கெடையாது."

"சவத்த, போட்டும்" என்றான். கண்ணிலிருந்து வழிந்ததை இடது கையால் துடைக்கப் பார்த்தான். அந்தக் கையில் ஊசி இருந்தது. அவன் மனைவிதான் துடைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு என் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்தது. படுக்கைக்கு அடியில் தொங்கிய பையில் மூத்திரம் நாளுக்கு நாள் குறைந்தது. அடிவயிறு வீங்கி, தொட்டால் கத்தினான். காவல் அங்கே வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். கழுத்தில் குழாய் போட்டு மறுபடி இயந்திரத்தில் மாட்டினார்கள். அதே நாட்களில் தலை ஸ்கேனில் இருந்த புள்ளிகள் சுருங்கிக்கொண்டு வந்தன. ஒரே காவல்தான் இரண்டு இடத்திலும் வேலை பார்த்தது. ஒரு இடத்தில் நாங்கள் கும்பிட்டோம், இன்னொரு இடத்தில் அழுதோம்.

எனக்கு அந்தச் செல்களை நினைத்துத்தான் பாவமாக இருந்தது. என் உடம்பில் இருந்தவரை தினமும் தங்கள் துணுக்கை எடுத்து வெளியே வைத்திருக்கும். வந்து பார்க்கிற எல்லாருக்கும் அவற்றைத் தெரியும். ஊர் மாறியது அவற்றுக்குத் தெரியாது. அங்கேயும் போய், பழகிய வழக்கப்படி, நாங்கள் இன்ன வீட்டுக்காரர்கள் என்று வாசலில் வைத்துக் காட்டிக்கொண்டு நின்றிருக்கும். மறைத்து வைத்துக்கொள்ள அந்த ஒட்டுண்ணிக்குத் தெரிந்தது என் செல்லுக்குத் தெரியவில்லை.

தம்பி மனைவி வெகுநாள் சாப்பிடாமல் இருந்தாள். அம்மன் கோபமா, தான் மாத்திரையை நிறுத்தியதா, எது என்று டாக்டரிடமே கேட்டாள். டாக்டர் அவளைத் திட்டவில்லை. மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு நிஜமாகவே அம்மை வந்தாலும் ஓடி வந்துவிட வேண்டும், மாத்திரையைத் தானாக நிறுத்தக்கூடாது, இதை இன்னும் நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார். காய்ச்சலும் சிவப்பும் வந்தபோதே ஒட்டுண்ணி எழுந்துவிட்டது, அதை நீங்கள் எழுப்பவில்லை. மாத்திரையை நிறுத்திய நாட்களில் காவல் கண் திறந்ததால்தான் மூளையில் அது இன்னும் பரவாமல் நின்றதோ என்னவோ, அதையும் தன்னால் சொல்ல முடியாது என்றார். அவள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினாள். ஆறுதலாக எடுத்துக்கொண்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் செய்தது சிறுநீரகத்தைக் கொன்று ஆளைக் காப்பாற்றியது என்றால், அதை எந்தப் பக்கத்தில் வைத்து நினைப்பது?

சித்திரை முடிவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டான். வலது கால் கொஞ்சம் இழுக்கும். கையால் சாக்குத் தைக்கிற ஊசியைப் பிடிக்க முடியாது. சில சாமான்களின் பெயர் வாயில் வராது, புண்ணாக்கைக் கையால் காட்டுவான். கடையை அவன் மனைவி பார்க்கிறாள். பூனைகளை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். நான் போகும்போது பழம் கொண்டு போவதில்லை. வாழை இலைக்கட்டு மட்டும் கொண்டு போவேன்.

செத்த சிறுநீரகத்தை உள்ளேயே விட்டிருந்தார்கள். தொந்தரவு செய்யாவிட்டால் அப்படியே கிடக்கட்டும் என்பதுதான் வழக்கமாம். ஐப்பசி மழைக்கு ஆற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தபோது அவனுக்கு மறுபடி காய்ச்சல். அடிவயிற்றில் வலி, மூத்திரத்தில் ரத்தம். இந்த முறை தம்பி மனைவியே முதல் நாளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். காவல் அதை இன்னும் விடவில்லை, அது உள்ளே இருக்கும்வரை உடம்பு சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கும், எடுத்துவிட வேண்டும் என்றார்கள்.

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். மத்தியானம் ஆகியிருந்தது. கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸம்மா வந்தார், பச்சை உடுப்பு, கையில் எஃகுத் தட்டு, மேலே துணி மூடியிருந்தது. தம்பி பெயரைச் சொல்லி, அவருக்கு ஆள் யார், எடுத்ததைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எதை எடுத்தாலும் வீட்டாருக்குக் காட்டிவிடுவது அங்கே வழக்கம். தம்பி மனைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்க யாரும்மா?"

"அக்கா."

துணியை விலக்கினார். பாடப் புத்தகத்தில் சிறுநீரகம் அவரைக்கொட்டை மாதிரிச் செவ்வென்று இருக்கும். இது அப்படி இல்லை. இரண்டு கைப்பிடிக்கு மேல் இருந்தது. வீங்கி, கருஞ்சிவப்பாக, அங்கங்கே வெளுத்து, ஒரு ஓரத்தில் தோல் வெடித்திருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் என் உடம்பில் இருந்தது. அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். தொட்டுப் பார்க்க வேண்டும் போலிருந்தது. கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு அது என்னுடையது என்று தெரியாது. நானும் சொல்லவில்லை.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

துணியைப் போட்டார். சோதனைக்கு அனுப்புவார்கள், அதற்கப்புறம் மற்றதோடு சேர்த்து எரித்துவிடுவார்கள் என்று நான் கேட்காமலே சொன்னார். கதவு மூடிக்கொண்டது.

சாயங்காலம் தம்பி முழித்தான். உதடு காய்ந்திருந்தது. நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தேன். காய்ச்சல் விட்டிருந்தது. வார்த்தையைத் தேடிப் பிடித்துப் பேசினான்.

"காட்டுனாவளா?"

"காட்டுனாவ."

"எம்புட்டு இருந்துச்சுக்கா?"

நான் கையை எடுத்து, விரல்களைக் குறுக்கி, ஒரு எலுமிச்சங்காய் அளவுக்குக் காட்டினேன்.

"அம்புட்டுத்தானா?" என்றான்.

"அம்புட்டுத்தான்" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.